ஹாரனுக்கும் ரோலருக்கும் நடுவுல இருந்த நேரம்

டூல்ஸ் டீம்ல புதுசா சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. எங்கிட்ட நல்ல வார்த்தை கம்மி. என்கூட வேலை செஞ்ச யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க. ரிட்டயர் ஆன பிறகு வாய் இன்னும் மோசமாயிடுச்சுன்னு வீட்டுக்காரர் வேற சொல்றாரு. அதனால நல்ல வார்த்தைக்குப் பதிலா நடந்த ஒண்ணைச் சொல்றேன். படிச்சிட்டு மனசு பாரமாயிடுச்சுன்னா என்னைத் திட்டாதீங்க, கேட்டவங்களைத் திட்டுங்க.

உங்க வேலை என்ன? மத்தவங்க எழுதுற புரோகிராமை வேகமாக்குற டூல் செய்யுறது. இப்ப உங்களுக்கு வசதி. ஏஐ கிட்ட புரோகிராமைக் காட்டினா, இந்த வரி தேவையில்ல, அந்த வரி தேவையில்லன்னு அதுவே சொல்லிடுது. நீங்களும் சரின்னு தட்டி விட்டுட்டு மீ கோரேங் சாப்பிடப் போயிடுறீங்க. நான் பார்த்திருக்கேன். அந்தக் காலத்துல நாங்க கையால செஞ்சோம். ஆனா ஆசை அதே ஆசைதான். வேகம், இன்னும் வேகம்.

நான் வேலை செஞ்சது குருண் பக்கத்துல ஒரு ரப்பர் ஃபேக்டரி. பேரு வேணாம், இப்ப அது மூடியும் போச்சு. ரப்பரை உருட்டித் தகடாக்கி, கன்வேயர் பெல்ட்டும் கால்மிதியும் செய்வாங்க. ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். எந்த மோட்டார் எப்ப ஓடணும், எந்த வால்வு எப்ப திறக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். அந்த புரோகிராம்கள் எல்லாம் வருஷக்கணக்கா ஆளுக்கு ஒரு பக்கம் ஒட்டுப்போட்டு எழுதினது. பழைய கம்ப்யூட்டர், பழைய புரோகிராம், ஆனா உற்பத்தி மட்டும் புதுசா ஏறணும். மேனேஜ்மென்ட் எங்களைப் பிடிச்சுக் கத்தும்.

எங்க டீம் தலைவரை எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். பேரைச் சொன்னா அவருக்குப் பிடிக்காது, அதனால இங்கயும் அண்ணேதான். மெதுவாப் பேசுவாரு. எதையும் வீணாக்கினா மட்டும் பொறுக்க மாட்டாரு. யாரும் இல்லாத ரூம்ல ஃபேன் சுத்தினா நடந்து போய் நிறுத்திட்டு வருவாரு. கென்டீன்ல நாங்க தட்டுல சோறு மிச்சம் வெச்சா மொறைப்பாரு. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு டூல் கண்டுபிடிச்சா அது எப்படி இருக்கும்? வீண் எங்க இருக்குன்னு தேடிப் பிடிக்கிற டூலாத்தான் இருக்கும்.

அதுக்கு முறம்னு பேரு வெச்சாரு. மலாய்க்காரப் பசங்களும் சீனப் பசங்களும்கூட மூராம் மூராம்னு சொல்லிப் பழகிட்டாங்க. புரோகிராமை அதுக்குள்ள போட்டா மொதல்ல ஓட விட்டுப் பார்க்கும். கம்ப்யூட்டர் எங்க வேலை செய்யுது, எங்க சும்மா நிக்குதுன்னு அளந்துக்கும். ஒரே கணக்கை ரெண்டு தரம் போட்டிருந்தா ஒண்ணை எடுத்துடும். யாருக்கும் வேண்டாத பதிலைத் தேடிட்டு இருந்தா அதையும் எடுத்துடும். கடைசியில புடைச்ச அரிசி மாதிரி சுத்தமான புரோகிராமைத் திருப்பிக் குடுக்கும். உள்ளபடியே அருமையான வேலை. இன்னைக்கு வரைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். மெஷினெல்லாம் புதுசு மாதிரி ஓட ஆரம்பிச்சுது. தலைமை ஆபீஸ்ல இதுக்கு பேட்டன்ட் எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. வக்கீல்கள் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டாங்க. கண்டுபிடிச்சவர் படம் வேணும்னாங்கன்னு அண்ணே புதுசா ஒரு பாத்தேக் சட்டை வாங்கினாரு. அவரு தனக்குன்னு ஒண்ணு வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முறம் தூக்கி எறியுற குப்பையில ஒரு வகைக்கு நாங்க கொசோங் லூப்னு பேரு வெச்சிருந்தோம். கொசோங்னா காலி, உள்ள ஒண்ணுமே இருக்காது. கம்ப்யூட்டர் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டே இருக்கும், எண்ணி முடிச்சதும் அடுத்த வேலைக்குப் போகும். அந்த எண்ணிக்கையை யாரும் எதுக்கும் கேட்கிறதில்ல. மத்த வகையை எடுக்கணும்னா முறம் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்கும். கொசோங் லூப்புக்கு மட்டும் கேட்காது, அதுவே எடுத்துடும். அப்படித்தான் அண்ணே அமைச்சிருந்தாரு. வெறும் சட்டியைத் தூக்கிப் போட யாருகிட்ட அனுமதி கேட்பாங்கன்னு சொன்னாரு. அது எங்க எல்லாருக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

இனி அஞ்சலை அக்காவைப் பத்திச் சொல்லணும். ரோலர் லைன்ல ரொம்பக் காலமா இருந்தவங்க. எஸ்டேட்ல ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு இருந்து, எஸ்டேட்டைத் துண்டு போட்டு வித்த பிறகு ஃபேக்டரிக்கு வந்தாங்க. வீடு திகாம் பத்துங்கிற ஊர்ல. கென்டீன்ல என்னைப் பார்த்தா, "என்னா கம்ப்யூட்டரு, சாப்பிட்டாச்சா?"ன்னு கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சுக்குவாங்க. தட்டுல இருக்கிற நெத்திலிய எல்லாம் பொறுக்கி என் தட்டுல போட்டுட்டு, உன் மூளைக்கு மீனு வேணும்டின்னு கிண்டல் பண்ணுவாங்க.

ரோலர்னா ஆள் உயரத்துக்கு ரெண்டு இரும்பு உருளை. நடுவுல ரப்பர் போகும். காலையில சூப்பர்வைசர் பட்டனை அமுக்கினா ஹாரன் அடிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு உருளை சுத்தும். ஹாரன் கேட்டா மஞ்சக் கோட்டுக்குப் பின்னால போய் நிக்கணும்னு சுவத்துல பெரிசா எழுதிப் போட்டிருந்தாங்க. ஆனா நம்ம பொம்பளைங்களுக்கு அந்த ஹாரன் கோயில் மணி. ஹாரன் கேட்டா முன்னால போவாங்க. மூத்தவங்களான அஞ்சலை அக்கா மொதல்ல உருளையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க, அடுத்தடுத்து மத்தவங்க. ஹாரனுக்கு முன்னாடியே தொட்டா என்னாக்கான்னு நான் கென்டீன்ல ஒரு தடவை கேட்டேன். தூங்குற மெஷினைத் தொட்டு என்னா புண்ணியம், முழிச்ச பிறகுதான் தொடணும்னாங்க. எல்லாரும் தொட்டு முடிச்சு விலகி நிப்பாங்க, அப்புறம்தான் உருளை சுத்தும். சூப்பர்வைசர் ஒரு மலாய்க்கார அக்கா, அவங்க பாஷையில கக்னு கூப்பிடுவோம். அவங்களும் அந்த நேரத்துல பிஸ்மில்லா சொல்லிக்குவாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் சொன்னதில்ல. மேல ஆபீஸ்ல இருக்கிறவங்க அந்த நேரத்துல கீழ வந்ததும் இல்ல.

தீபாவளி லீவுக்கு ஃபேக்டரி மூடியிருந்தப்ப ரோலர் லைன் புரோகிராமை முறத்துல போட்டு எடுத்து ஏத்தினாங்க. சோதிச்சும் பார்த்தாங்க. சோதிச்சது யாரு? நம்ம இன்ஜினியருங்க. அவங்க சுவத்துல எழுதியிருந்த மாதிரி மஞ்சக் கோட்டுக்குப் பின்னால ஒழுங்கா நின்னு பார்த்தாங்க. மெஷின் டக்குனு கிளம்புதுன்னு எல்லாருக்கும் சந்தோஷம். சட்டத்தை மதிக்கிறவங்க கண்ணுக்கு அதுல ஒரு தப்பும் தெரியல.

லீவு முடிஞ்ச மொதல் காலையில நான் மேல ஆபீஸ்ல பையைக்கூட இறக்கல. கீழ ஹாரன் அடிச்சுது. அதோடயே உருளை சுத்துற சத்தமும் வந்துச்சு. அப்புறம் அலறல். நான் ஓடுறதுக்குள்ள கக் சிவப்பு பட்டனை அமுக்கிட்டாங்க. அஞ்சலை அக்கா அலறல. கத்தினது பக்கத்துல நின்ன பிள்ளைங்க. அக்கா உருளையையே பார்த்துட்டு நின்னாங்க, நெத்தியில குங்குமம், தலையில பூ. கையை எப்படி எடுத்தாங்கன்னு நான் எழுதப் போறதில்ல. வலது கையில கட்டை விரல் மட்டும் மிஞ்சிச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே மேனேஜர் கேமரா படத்தைப் போட்டுப் பார்த்தாரு. அதுல தெளிவா இருந்துச்சு. ஹாரன் அடிக்குது, அக்கா மஞ்சக் கோட்டைத் தாண்டி முன்னால போறாங்க, கையை நீட்டுறாங்க. ஆபரேட்டர் கவனக்குறைவு, முடிஞ்சுது, வேற பேச்சே இல்லன்னுட்டாரு. விசாரணைக்கு ஒரு நாள் குறிச்சாங்க, பேருக்குத்தான். கவனக்குறைவுன்னு முடிவாயிட்டா அக்காவை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அந்தக் கையோட வெளியில யாரு வேலை குடுப்பாங்க? தன் தப்பால தன் கையைத் தொலைச்ச பொம்பளைங்கிற பேரு மட்டும் அவங்ககூட வரும்.

எனக்கு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகல. ஹாரனும் உருளையும் ஒண்ணா கேட்டது எப்படி? பழைய புரோகிராமையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சுப் பார்த்தேன். பழசுல ஹாரனுக்கு அடுத்து ஒரு கொசோங் லூப் இருந்துச்சு, நீளமான லூப். புதுசுல அந்த இடம் வழிச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. அண்ணேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரு குனிஞ்சு பார்த்தாரு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாரு.

"இது நான் எழுதுனது, தங்கச்சி," அப்படின்னாரு.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல அந்த லைனுக்கு புரோகிராம் எழுதினது அவருதானாம். கீழ நின்னு பார்த்தப்ப பொம்பளைங்க ஹாரன் கேட்டு முன்னால போறதைக் கண்டிருக்காரு. அப்ப இருந்த மேனேஜர் பொல்லாத ஆளு. சொன்னா அத்தனை பேருக்கும் தண்டனை, தொடுறதுக்கும் தடை. சொல்லாம விட்டா ஒரு நாள் கை போகும். அதனால யாருக்கும் தெரியாம, கடைசி ஆளு தொட்டு விலகுற வரைக்கும் கம்ப்யூட்டர் சும்மா எண்ணிட்டு இருக்கட்டும்னு அந்த லூப்பை வெச்சிருக்காரு. ஏன்னு ஒரு வரி எழுதி வைக்கல. எழுதினா எவனாவது படிச்சிடுவானே. அப்புறம் வேற வேலை, வேற லைன், கல்யாணம், பிள்ளைங்க. காலப்போக்குல அவருக்கே மறந்து போச்சு. அவரு வெச்சதை அவரு செஞ்ச முறமே தள்ளிடுச்சு.

"மறந்துட்டேன் தங்கச்சி. எப்படி மறந்தேன்?"னு திரும்பத் திரும்பக் கேட்டாரு.

விசாரணைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை என்னைத் தஞ்சோங் டாவாய்க்கு வரச் சொன்னாரு. ஆத்துமுகத்துல படகு நிக்கிற பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. மீன் சுட்டுக் கொண்டாந்து வெச்சாங்க. அது ஆறிப் போச்சு. சோறு ஒரு பருக்கை மிச்சம் வெக்க விடாத மனுஷன் தட்டைத் தொடல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

"இதுல என்னாண்ணே யோசனை? நடந்ததைச் சொல்லிடுங்க," அப்படின்னேன்.

"எதை? லூப்பை எதுக்கு வெச்சேன்னு சொல்லணும்னா, இத்தனை வருஷமா இவங்க எல்லாரும் ரூல் மீறித் தொட்டாங்கன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். எனக்குத் தெரிஞ்சே மீறினாங்கன்னு. அஞ்சலையம்மாவுக்கும் அது பாதகம், மத்தவங்களுக்கும் பாதகம். சொல்லாம விட்டா ஆபரேட்டர் கவனக்குறைவு. எந்தப் பக்கம் போனாலும் அந்தம்மா கழுத்துலதான் வந்து விழுது."

"அதுக்காக வாயை மூடிட்டு இருப்பீங்களா? பேட்டன்ட் வக்கீலும் அதே வாரம்தானே வர்றான்?"

கோவத்துல கேட்டுட்டேன். அவரு முகம் சுருங்கிப் போச்சு. நான் நிறுத்தல. "நீங்க பேசலன்னா நான் பேசுவேண்ணே. அந்தம்மா எனக்கு நெத்திலி பொறுக்கிப் போட்டவங்க."

"தெரியும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நான் பயந்துட்டா நீ பேசு," அப்படின்னாரு.

நான் பேச வேண்டி வரல. விசாரணை ரூம்ல அண்ணே எழுந்து நின்னாரு. ஹாரனுக்கும் உருளைக்கும் நடுவுல முன்னெல்லாம் நேரம் இருந்துச்சு, அதை என் டூல் எடுத்துடுச்சு, அது என் பொறுப்புன்னாரு. மேனேஜர் கேமரா படத்தைக் காட்டி, அது சரி, அந்தம்மா கை ஏன் அங்க போச்சுன்னு கேட்டாரு.

அண்ணே சொன்னாரு: "அவங்க ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. ஹாரன் எதுக்கு அடிக்கிறோம்? பக்கத்துல இருக்கிறவங்க விலகிப் போகத்தானே? விலக நேரம் குடுக்காம மெஷினை ஓட விட்டா அந்த ஹாரன் எதுக்கு? அங்க நீங்க நின்னிருந்தா உங்க கைதான் போயிருக்கும்."

அவரு பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. அன்னைக்கு ஒண்ணு சொன்னாரு, எனக்குத் தெரியாதுன்னு. அந்தப் பொய்யை ரொம்பத் தெளிவா, மேனேஜர் கண்ணைப் பார்த்துச் சொன்னாரு. இந்த டூலை என்ன செய்யலாம்னு கேட்டாங்க. நிறுத்திடுங்க, எல்லா லைன்லயும் பழைய புரோகிராமை ஏத்துங்க, வேற எங்க எதை எடுத்திருக்குன்னு எனக்கே தெரியாதுன்னாரு.

அஞ்சலை அக்கா மேல தப்பில்லன்னு முடிவாச்சு. பேட்டன்ட் பேச்சு அதோட நின்னுச்சு. முறத்தை மூட்டை கட்டினாங்க. அண்ணே அந்த வருஷமே வேலையை விட்டாரு, விட வெச்சாங்கன்னுதான் சொல்லணும். அதுக்குப் பிறகு அவரு புரோகிராம் பக்கமே வரல. மகன் வீட்டோட ஜோகூர்ல இருக்காரு. போன் பண்ணினா பேரப்பிள்ளையைப் பத்தி மட்டும் பேசுவாரு. நானா முறத்தைப் பத்தி எடுத்தா, சரி தங்கச்சி, வெச்சிடுறேன்னு வெச்சிடுவாரு. அவ்வளவு பெரிய மூளை சும்மா கிடக்குதேன்னு எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல்.

காரணத்தை எழுதி வைங்கன்னு உங்களுக்குப் புத்தி சொல்லிட்டுப் போயிடலாம். எழுதி வைங்க, நல்லதுதான். ஆனா எழுத முடியாத காரணமும் இருக்கும், அண்ணேக்கு இருந்த மாதிரி. அதனால நீங்க ஒரு வரியை வீண்னு எடுக்கிறதுக்கு முன்னாடி, ஸ்கிரீனை விட்டு எழுந்து, அந்த மெஷின் ஓடுற எடத்துக்குப் போய் ஒரு காலைப் பொழுது நில்லுங்க. கோட்டுக்குப் பின்னால நிக்காதீங்க. ஆளுங்க நிக்கிற எடத்துல நில்லுங்க. ஏஐ உங்களுக்காக அங்க போய் நிக்காது.

வேலையை விட்டுப் போறதுக்கு முன்னாடி அண்ணே என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. "அந்தம்மா தன் மேலதான் தப்புன்னு நினைச்சு மறுகிட்டு இருப்பாங்க. எனக்குப் போய் நிக்க தைரியம் இல்ல. நீ போய் முழுசா சொல்லிடு. நான் வெச்சதையும் சொல்லு, எடுத்ததையும் சொல்லு."

திகாம் பத்துக்குப் போனேன். அக்கா வாசல்ல உட்கார்ந்து இடது கையால முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தாங்க. கட்டுப் போட்ட கை மடியில கிடந்துச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. விசாரணை முடிவைச் சொன்னேன். அவங்களுக்கு அதுல பெரிசா சந்தோஷம் இல்ல.

"அவங்க தப்பில்லன்னு சொன்னா ஆச்சா? செஞ்சது எனக்குத் தெரியாதா?" அப்படின்னாங்க. லீவுல அவங்க தங்கச்சி செத்துப் போயிருக்காங்க. காரியம்கூட முடியல, தீட்டு. ஆனா லீவு கழிஞ்ச மொதல் நாளு, மூத்தவங்க தொடலன்னா மத்த பிள்ளைங்க சங்கடப்படும்னு யாருகிட்டயும் சொல்லாம வந்து தொட்டிருக்காங்க. "சாவு வீட்டுத் தீட்டோட கையை வெச்சேன். மெஷின் கேட்டுச்சு, எடுத்துக்கிச்சு. நியாயந்தானே?"

அழுகையே இல்லாம சொன்னாங்க. எனக்குத்தான் தாங்கல. இல்லவே இல்லக்கா, சாமியும் இல்ல தீட்டும் இல்லன்னு எல்லாத்தையும் கொட்டினேன். அண்ணே வாலிபத்துல கீழ நின்னு பார்த்தது, நீங்க எல்லாரும் தொட்டு முடிக்கிற வரைக்கும் மெஷின் நிக்கணும்னு கம்ப்யூட்டரை எண்ண வெச்சது, மறந்தது, எங்க டூல் அதை எடுத்தது. உங்க தப்பு ஒரு துளி இல்லக்கான்னு சொன்னேன். அவங்க பாரம் இறங்கிடும்னு நெனச்சேன்.

கீரை உருவுற கை நின்னுச்சு.

"அப்ப இத்தனை வருஷமா நின்னது மெஷின் இல்லையா?"

"இல்லக்கா. அண்ணே வெச்ச கணக்கு."

தெருவைப் பார்த்துட்டே பேசினாங்க. "பொறந்ததுலேர்ந்து எனக்காக யாரும் நின்னது இல்ல கம்ப்யூட்டரு. லாரி நிக்காது, கங்காணி நிக்க மாட்டாரு, கட்டினவரும் நிக்கல. அந்த ஒண்ணுதான் தினம் எனக்காக நிக்குதுன்னு இருந்தேன். அம்மனேதான் நிக்கிறாள்னு இருந்தேன்." அப்புறம், "கணக்கு வெச்ச அந்தத் தம்பியை நான் ஒண்ணும் சொல்லல. நல்லாருக்கட்டும்"னாங்க.

நான் எழுந்தேன். என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க.

"தப்பு என்னோடதுன்னே இருந்திருக்கலாம். தாங்கியிருப்பேன்," அப்படின்னாங்க. "நீ சொன்னதை மத்த பொண்ணுங்ககிட்ட சொல்லிடாத. அதுங்க நாளைக்கும் அந்த உருளைகிட்ட போகணும்."